எத்தனை நாள், எத்தனை மில்லி, எத்தனை மூச்சு

குழந்தை டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் அவர் கேட்கும் கேள்விகளைக் கவனித்திருக்கிறீர்களா? "காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?" "ராத்திரி எத்தனை தடவை வாந்தி எடுத்தான்?" "காலையில இருந்து எத்தனை வாட்டி ஒண்ணுக்குப் போனான்?" "மருந்து எவ்ளோ குடுத்தீங்கம்மா?" எல்லாமே கணக்குக் கேள்விகள். பதில் மட்டும் கணக்காக வருவதில்லை. "நேத்துல இருந்துதான் டாக்டர்... இல்ல, முந்தாநாள் சாயங்காலமே லேசா சுட்டுச்சு." "ஒண்ணுக்கு... போனான்னுதான் நெனைக்கிறேன்." "ஒரு மூடி குடுத்தேன்."

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். அக்கா பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓ.பி. வரிசைகளில் நின்ற நேரம் கொஞ்சநஞ்சமில்லை. அப்படி நின்றபோது பிடிபட்ட ஒரு விஷயம்: குழந்தை மருத்துவர்கள் குடும்பங்களுக்குச் சொல்வதில் முக்கால்வாசி, எதையாவது எண்ணச் சொல்வதுதான். காய்ச்சல் வந்த நாளை எண்ணு, மூச்சை எண்ணு, மருந்தை மில்லியில் அள, ஊசித் தேதியைப் பார். ராயபுரம், எண்ணூர், மணலி, மீஞ்சூர் என்று வடக்கே இருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து குவியும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை மாதிரி ஓர் இடத்தில், ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் அதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஏன் எண்ண வேண்டும் என்று விளக்க நேரம் இருப்பதில்லை. காரணம் தெரியாத அறிவுரை வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோகிறது. அந்தக் காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்ணுவது நம் பெண்களுக்குப் புதிதும் கிடையாது. தண்ணீர் லாரி வந்தால் எத்தனை குடம், சிலிண்டர் மாற்றி எத்தனை நாள், பால்காரருக்கு எத்தனை பாக்கெட் பாக்கி என்று எல்லாம் விரல் நுனியில் இருக்கும். தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டுச் சமையல்கட்டில் நகைக்கடைக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. அதில் இந்தக் கணக்கெல்லாம் பென்சிலில் குறித்திருக்கும். பிள்ளையின் காய்ச்சல் அந்தக் காலண்டரில் ஏறுவதற்கு மூன்று வருடம் ஆனது.

காய்ச்சலிலிருந்தே தொடங்குகிறேன். உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ காய்ச்சல். கிருமி உள்ளே வந்ததும் அதை எதிர்க்க உடம்பு தானே தன் சூட்டை ஏற்றிக்கொள்கிறது. அதனால்தான் நன்றாக விளையாடி, தண்ணீர் குடித்து, சிரிக்கிற பிள்ளைக்கு 101 இருந்தால் டாக்டர் பதறுவதில்லை, 100.5தான் இருக்கிறது, ஆனால் துவண்டு கிடக்கிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது என்றால் உடனே எழுந்து வருகிறார். இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 வந்துவிட்டால் காத்திருக்கவே கூடாது, நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வயதில் ரத்தத்திலோ மூளைச் சவ்விலோ கிருமி பரவினால்கூட வெளியே தெரியும் ஒரே அடையாளம் காய்ச்சலாக இருக்கலாம்.

அடுத்தது மருந்து. பாராசிட்டமாலை வயதைப் பார்த்துக் கொடுப்பதில்லை, எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் வரை. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல் கொடுத்தால் போதும். கணக்கு இவ்வளவுதான், சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. ஒரே பெயரில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கிடைக்கிறது, 5 மில்லிக்கு 250 உள்ளதும் கிடைக்கிறது. பச்சைக் குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லிக்குள் 100 மில்லிகிராம் இருக்கும்.

அக்கா மகனுக்கு ஒன்றேகால் வயது, பத்துக் கிலோ இருந்தபோது ஒரு ராத்திரி நல்ல காய்ச்சல். வீட்டிலிருந்த சிரப் தீர்ந்துவிட்டது. மாமா ஓடிப்போய் மருந்துக் கடையில் அதே பெயரைச் சொல்லி வாங்கி வந்தார். அதே படம், அதே நிறம், பாட்டில் மட்டும் குட்டியாக இருந்தது. அக்கா வழக்கம்போல மூடியில் ஆறு மில்லி ஊற்றிவிட்டாள். அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடப் போனபோதுதான் உள்ளே ஒரு சொட்டுக்குழல் உருண்டது. வெளிச்சத்தில் பிடித்துப் படித்தோம். சொட்டு மருந்து. அந்த ஆறு மில்லியில் இருந்தது 600 மில்லிகிராம். கொடுத்திருக்க வேண்டியதோ ஒன்றரை மில்லி. மூடியை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அளவு மீறிய பாராசிட்டமால் ஈரலைத் தாக்கும். அந்த வேளை பிழைத்தோம். இரண்டாவது வேளையும் மூன்றாவது வேளையும் அதே மூடியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே பாட்டில் மாறினால் ஒவ்வொரு முறையும் லேபிளில் எத்தனை மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டு ஸ்பூனில் ஊற்ற வேண்டாம், அது வீட்டுக்கு வீடு வேறு அளவு. டாக்டர் சீட்டு எழுதும்போதே "இது எந்த பாட்டில்ல எத்தன மில்லி, டாக்டர்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று: காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. டெங்குவா என்று தெரியாத நிலையில் ஐபுப்ரோஃபென் கலந்த மருந்தும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

காய்ச்சலோடு ஜன்னி வருவது ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் நடக்கக்கூடியது. பார்க்கிறவர்களுக்கு உயிரே போய்விடும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதும், வாயில் ஸ்பூன் திணிப்பதும், முகத்தில் தண்ணீர் அடிப்பதும்தான் நம் தெருக்களில் நடப்பது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்ப்பதுதான் செய்ய வேண்டியது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சீக்கிரம் நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

டெங்குவுக்கு நாள் கணக்கு தெரியாமல் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் மூன்று நாள் காய்ச்சல் கொளுத்தும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ சட்டென்று இறங்கும். "அப்பாடா, விட்டுடுச்சு" என்று வீடு மூச்சுவிடும் நேரம் அது. ஆனால் அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும் காலம். காய்ச்சல் இல்லை, ஆனால் பிள்ளைக்கு வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிட்டுப் போவது, ஒண்ணுக்குக் குறைவது, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தூங்கி வழிவது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "காய்ச்சல் எத்தனை நாளா?" என்று டாக்டர் அழுத்திக் கேட்பதற்குக் காரணம் இதுதான். பிள்ளை இப்போது ஏறுகிற நாளில் இருக்கிறதா, இறங்கின பிறகான ஆபத்து நாளில் இருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தட்டணுக்கள் (பிளேட்லெட்) எத்தனை என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் நாம். டாக்டர்கள் அதைவிட ஒண்ணுக்கையும் கை கால் சூட்டையும்தான் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள்.

டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடாது. அதற்கு வேண்டியது தேங்கிய நல்ல தண்ணீர். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத தெருவில், லாரியில் பிடித்து நீல டிரம்மில் நிரப்பி வைப்பதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது? "தண்ணி தேக்காதீங்க" என்று சொல்வது இங்கே யாருக்கும் பயன்படாது. டிரம்மை வாரத்துக்கு ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவச் சொல்லலாம். அதற்குக் கணக்கு இருக்கிறது. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய எட்டுப் பத்து நாள் ஆகும். ஏழாம் நாள் கழுவினால் ஒரு தலைமுறை கொசு பிறக்காமலே போகிறது. ஆனால் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். அதனால்தான் தேய்க்கச் சொல்கிறார்கள். மூடி இல்லாத டிரம்முக்குப் பழைய வேட்டியை இழுத்துக் கட்டினாலும் சரிதான். இந்தக் கொசு பகலில் கடிப்பது. பால்வாடியிலிருந்து வந்து மதியம் தூங்கும் பிள்ளைக்குத்தான் வலை தேவை.

அடுத்து மூச்சு. வடசென்னைக்காரர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறதென்றால் இதைத்தான் சொல்வேன். சளி இருமல் என்று ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியாது, ஓடவும் தேவையில்லை. சாதாரணச் சளியா, நுரையீரலில் இறங்கிவிட்டதா என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் கொடுத்திருக்கும் எண்கள் இருக்கின்றன. அழாமல் அமைதியாக இருக்கும்போது குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு. நிமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

எங்கள் ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. குடம் எண்ணுகிற மாதிரியே, விரல் கணுவில் கட்டை விரலை நகர்த்தி மூச்சை எண்ணக் கற்றுக்கொண்டது. நான் போனில் ஒரு நிமிடம் பார்த்துச் சொல்ல, ஆயா "முப்பத்தாறு" என்றது. பிள்ளைக்கு மூன்று வயது. அன்றைக்கு வெந்நீரும் தூக்கமும் மட்டும் போதுமானதாக இருந்தது.

இங்கே பிள்ளைகளுக்கு இளைப்பு ஏன் இவ்வளவு சகஜம் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மணலி ஆலைகள், எண்ணூர் அனல்மின் நிலையங்களின் கரித்தூளும் சாம்பலும், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை. பெரியவர்களைவிடக் குழந்தை ஒரு நிமிடத்துக்கு அதிகத் தடவை மூச்சிழுக்கிறது. அதன் காற்றுக்குழாய் குறுகல். நுரையீரலும் பிறந்த பிறகு பல வருடங்கள் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரே காற்றுதான், குழந்தைக்கு விழும் அடி பெரிது.

இளைப்புக்கு டாக்டர் இன்ஹேலர் எழுதினால் வீட்டில் ஒரு பெரும் பயம் கிளம்பும். "பழகிடும்", "சின்ன வயசுலயே பம்ப்பா?", "பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் பண்ண வேணாமா?" என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய பேர். கணக்கைப் பாருங்கள். இளைப்புக்குக் கொடுக்கும் சால்புட்டமால் என்ற மருந்து, சிரப்பாக இருந்தால் 5 மில்லியில் இருப்பது 2 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது அதில் இருபதில் ஒரு பங்கு. சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வர வேண்டும். அதனால்தான் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும். இன்ஹேலர் நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பேசர் என்ற குழலும் முகமூடியும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். வெறும் பம்ப்பை வாயில் அழுத்தினால் பாதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், "கேக்கவே இல்ல டாக்டர்" என்று திரும்பிப் போவோம்.

இருமல் சிரப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததாகச் சோதனையில் வந்தது. 1972இல் இதே சென்னையில் இதே நஞ்சு கலந்த மருந்தால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் நடக்கிறது என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவுறுத்தியது. நஞ்சு இல்லாத நல்ல சிரப்பே ஆனாலும், சின்னப் பிள்ளைகளின் சளியை அது குணப்படுத்துவதில்லை என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. சளி ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போகும். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, வெதுவெதுப்பான குடிநீர், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குக் கொஞ்சம் தேன், இவ்வளவுதான். ஒரு வயதுக்குக் கீழே தேன் நாக்கில் தடவுவதுகூட ஆபத்து. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைத் தளரச் செய்துவிடும்.

வயிற்றுப்போக்குக்கு வருகிறேன். மழைக்காலத்தில் குடிநீரோடு கழிவுநீர் கலப்பது இந்தப் பக்கத்துத் தெருக்களுக்குத் தெரிந்த கதை. குழாய்த் தண்ணீர் மஞ்சளாக வந்தால் மட்டும் பார்க்கிறோம். தெளிவாக வரும் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் கிருமியைவிட நீர் இழப்புதான். "உச்சி உள்ள போயிடுச்சு" என்று ஆயாக்கள் பதறுவது சரியான கவனிப்பு. ஆனால் அதற்குப் பிறகு தொக்கம் எடுக்கவும் குடல் தட்டவும் கூட்டிப்போகிற அந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளையின் உடம்பில் இருக்கும் கொஞ்ச நீரும் போய்விடுகிறது.

ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது எப்படி என்று தெரிந்தால் அதன் அளவை யாரும் மாற்ற மாட்டார்கள். குடல் கெட்டுப்போயிருக்கும்போதும் அதில் ஒரு வாசல் திறந்திருக்கும். உப்பும் சர்க்கரையும் ஜோடியாக வந்தால் அந்த வாசல் வழியே உள்ளே போகும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஜோடி சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். சர்க்கரை கூடிப்போனால் தலைகீழாக, உடம்பிலிருந்து குடலுக்குள் தண்ணீர் இறங்கிப் போக்கு அதிகமாகும். உப்பு கூடினால் ரத்தத்தில் உப்பு ஏறி வேறு ஆபத்து. 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் இந்த உப்பு-சர்க்கரை நீரை டிரம்களில் கலந்து குடிக்கக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்.

பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் விற்கிறது, பின்பக்கம் பாருங்கள். பாதிப் பாக்கெட்டைக் கொட்டிவிட்டு மீதியை மடித்து வைப்பது வேண்டாம். அளக்க, காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும். கலந்தது 24 மணி நேரம்தான். ஒவ்வொரு முறை போனதும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேலே 100 முதல் 200 மில்லி, மடக்கு மடக்காக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி, ஸ்பூனால் மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் நல்லது. டாக்டர் எழுதும் துத்தநாக மருந்தை, போக்கு நின்றுவிட்டாலும் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். புண்ணான குடல் ஆறவும், அடுத்த சில மாதங்களில் மறுபடி வராமல் இருக்கவும்தான் அது. மூன்றாம் நாளே நின்றுவிட்டதென்று பாட்டிலை அலமாரியில் ஏற்றிவிடும் வீடுகள்தான் அதிகம். ஆறு மணி நேரம் ஒண்ணுக்குப் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, மலத்தில் ரத்தம் என்றால் ஆஸ்பத்திரி.

அட்டை டப்பாவில் ஜூஸ் மாதிரி விற்றதே, அதை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கிக் கொடுத்த தாய்மார் ஏராளம். அவற்றில் சர்க்கரை பல மடங்கு. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் தனியாகப் போராடி, 2025 அக்டோபரில் அந்த மாதிரிப் பானங்களின் மேல் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தை உத்தரவிட வைத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் பாக்கெட்தான் அசல்.

ஊசிக் கணக்கு நம் பேச்சிலேயே ஊறிப்போனது. பிறந்த உடனே, ஒன்றரை மாச ஊசி, ரெண்டரை மாச ஊசி, மூன்றரை மாச ஊசி, ஒன்பதாம் மாச ஊசி, ஒன்றரை வயசு ஊசி, அஞ்சு வயசு ஊசி. புதன்கிழமை என்றாலே தடுப்பூசி நாள் என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். ஏன் மூன்று தவணை என்று கேட்பவர்களுக்கு: முதல் ஊசி உடம்புக்குக் கிருமியை அறிமுகப்படுத்துகிறது, அடுத்தடுத்தவை அந்த நினைவைப் பலப்படுத்துகின்றன. தட்டம்மை, ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் வரை காத்திருப்பதற்கும் காரணம் உண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரை குழந்தையின் ரத்தத்தில் மிச்சமிருக்கும். சீக்கிரம் போட்டால் அதுவே ஊசியைச் செயலிழக்கச் செய்துவிடும்.

பிரசவத்துக்குத் தாய் வீடு போனது, சொந்த ஊர்த் திருவிழா, பிள்ளைக்குச் சளி என்று தவணை தள்ளிப்போவது நடக்கத்தான் செய்கிறது. அப்படித் தள்ளிப்போனவர்கள் திட்டு வாங்கப் பயந்து மொத்தமாகப் போகாமலே விட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. லேசான சளி, லேசான காய்ச்சலுக்கு ஊசியைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் பள்ளி வாசலில் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போன பெற்றோரை நான் பார்த்தேன். தொண்டை அடைப்பானில் (டிப்தீரியா) மூச்சு முட்டும் பிள்ளையைப் பார்த்த தலைமுறை இன்னும் நம் தெருக்களில் உயிரோடுதான் இருக்கிறது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை வார்டு எப்படி இருந்தது என்று அவர்களைக் கேளுங்கள்.

அம்மை கண்டால் வேப்பிலை கட்டுவதில் எந்தக் குறையும் இல்லை, அது வீட்டின் நம்பிக்கை. ஆனால் தட்டம்மை கண்ட பிள்ளைக்கு மருந்து கூடாது, கவிச்சி கூடாது என்று பட்டினி போடுவது ஆபத்து. தட்டம்மை உடம்பிலுள்ள வைட்டமின் ஏ-யைக் காலி செய்துவிடும், கண் பார்வையே போகலாம். ஆத்தாளுக்கு விளக்கேற்றிவிட்டு டாக்டரிடமும் கூட்டிப்போகலாம். இரண்டு வேளை வைட்டமின் ஏ கொடுப்பார்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயத்தை மட்டும் பேசுகிறேன்: டீ. காலையில் பிள்ளைக்கு ஒரு டம்ளர் டீயும் பொறையும் கொடுத்து அனுப்புவது இங்கே வறுமையாலும் நேரமின்மையாலும் வந்த பழக்கம், அன்புக் குறைவால் வந்ததில்லை. ஆனால் டீயிலுள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தைக் குடலில் கட்டிப்போட்டுவிடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்த பிள்ளை சோம்பேறி என்று பெயர் வாங்குகிறது, அடிக்கடி சளி பிடிக்கிறது, மண்ணையும் சுவர்க் காரையையும் தின்கிறது. காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கிற நெத்திலி, ஒரு முட்டை, முருங்கைக் கீரை, மேலே எலுமிச்சைச் சாறு; விலை கூடிய சத்து மாவு டப்பாக்களை இவற்றுக்குப் பதிலாக எந்த டாக்டரும் கேட்கவில்லை. ஒரு வயதுக்கு மேல் பாலும் அரை லிட்டருக்குள் இருக்கட்டும். பாட்டில் பாலிலேயே வயிறு நிறைந்த பிள்ளைக்குச் சோறு இறங்காது, இரும்பும் சேராது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போடத் தொடங்கியவர் பிட்டி தியாகராயர். வண்ணாரப்பேட்டையில் கல்லூரி ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் உப்புமாவும் பொங்கலும் அந்த டீ டம்ளரின் இடத்தைப் பிடித்திருப்பது எனக்கு மிகப் பெரிய நிம்மதி.

பச்சைக் குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம், மே மாதமானாலும். தாய்ப்பாலில் பெரும்பகுதி நீர்தான். சேனை வைப்பது, உரை மருந்து, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது ஆகிய மூன்றையும் பற்றி மாமியாரோடு சண்டை போட வேண்டாம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய், டாக்டரையே அவரிடம் பேசச் சொல்லுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும் என்று டாக்டரம்மா நேரில் சொன்ன அன்றைக்குத்தான் எங்கள் ஆயா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தது.

ஒரே அறையில் சமையலும் படுக்கையும் இருக்கும் வீட்டில் விபத்துகளும் அந்த அறைக்குள்ளேயே நடக்கின்றன. கஞ்சி வடித்த பாத்திரம் கொட்டினால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பற்பசை, இங்க், மாவு எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயோ பினாயிலோ தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, மேலே வரும்போதுதான் அது நுரையீரலுக்குள் போகிறது. தவழும் பிள்ளை மூழ்க அரை வாளித் தண்ணீர் போதும்.

குடும்பம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அதன் கைக்கு எட்டாத பகுதி ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "தூசி இல்லாத இடமா பாத்துக்கோங்க" என்று ஒரு டாக்டர் சொன்னபோது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கே போவது? காற்றைச் சுத்தப்படுத்துவது தாயின் வேலையாக இருக்க முடியாது. ஆலைகளும் அரசும் செய்ய வேண்டிய வேலை அது, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும் வீட்டுக்குள் சேரும் புகையையாவது குறைக்கலாம். மூடின அறையில் விடிய விடிய எரியும் கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை. பீடி, சிகரெட் வாசலுக்கு வெளியே. பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது. இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனாலும் இளைக்கிற பிள்ளைக்கு ராத்திரித் தூக்கம் இதில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஊசி அட்டை, இதுவரை கொடுத்த மருந்து பாட்டில்கள், பழைய சீட்டு, ஒரு துண்டு, இவை ஒரே பையில் இருக்கட்டும். பாட்டிலையே எடுத்துப் போங்கள், "அந்த சேப்பு மருந்து" என்றால் யாருக்கும் புரியாது. போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது காலண்டரைப் பார்த்தேன். 4ஆம் தேதிக் கட்டத்தில் சிலிண்டர். 7இல் லாரி, 12 குடம். 9இல் அக்காவின் சாய்ந்த கையெழுத்தில்: "தம்பி சுரம், சாயங்காலம் 6 மணி, 101. எட 14 கிலோ." பக்கத்தில் ஆயா சொல்லி எழுதினதாம், "மூச்சு 34."